இடது பக்கம் இரண்டு கட்டம்

என் வாயைப் பற்றித் தென்காசியில் நல்லவிதமாகச் சொல்கிறவர்கள் குறைவு. ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வருகிறவர்களே, "ஹைருன் பீவிக்கு கை தங்கம், வாய்தான்..." என்று பாதியில் நிறுத்திக்கொள்வார்கள். எண்பது சென்டி துணியை நீட்டி, முக்கால் கை வேண்டும், கழுத்தில் பட்டி வேண்டும், மிச்சத்தில் பிள்ளைக்கு ஒரு சுருக்குப்பை வேண்டும் என்று கேட்டால் யார்தான் கொஞ்சுவார்கள்? துணி பத்தாது என்றால் பத்தாதுதான். அதைச் சிரித்துக்கொண்டே சொல்ல எனக்கு வராது.

இந்த வாயோடு நான் ஒரு வாட்ஸாப் குழுவிலும் இருக்கிறேன். பழைய வீட்டுக் கம்ப்யூட்டருக்கு நாங்களே ப்ரோக்ராம் எழுதி, ஒருவருக்கொருவர் அனுப்பி, ஓட்டிப் பார்த்து, குறை நிறை சொல்லிக்கொள்கிற குழு. மொத்தம் நாலு பேர். குறையெல்லாம் நான் சொல்வேன். நிறையெல்லாம் மற்ற மூன்று பேரும் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். ஐந்து வருடமாக இப்படித்தான் ஓடுகிறது.

எங்கள் நாலு பேரிடமும் இருப்பது ஒரே வகை மெஷின். எண்பதுகளில் குவைத்துக்கும் சவூதிக்கும் போனவர்கள் டேப் ரெக்கார்டரோடும் தைலத்தோடும் சேர்த்து வாங்கி வந்தது. கீபோர்டுக்குள்ளேயே முழுக் கம்ப்யூட்டரும் அடங்கியிருக்கும். டிவியில் செருகினால் நீலத் திரை வரும், கட்டத்துக்கு ஒரு எழுத்தாக வரிசை வரிசையாக விழும். விசை ஒவ்வொன்றிலும் இங்கிலீஷ் எழுத்தோடு அரபி எழுத்தும் இருக்கும். என் வீட்டுக்காரர் பரீது அதை ஏன் வாங்கினார் என்று அவருக்கே தெரியாது. அங்கே ரூமில் எல்லோரும் வாங்கினார்கள், அவரும் வாங்கினார். கூடவே வந்த புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படித்து ப்ரோக்ராம் எழுதக் கற்றுக்கொண்டது நான். அப்புறம் பிள்ளைகள், தையல் கடை என்று அது அலமாரிக்கு மேலே ஏறிவிட்டது. கொரோனாவில் கடையைச் சாத்தியபோது கை சும்மா இருக்கமாட்டேன் என்றது, இறக்கித் துடைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் இத்ரீஸ் அதே மெஷினைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைத்திருந்தான். எங்களுக்குத் தூரத்துச் சொந்தம், குற்றாலத்தில் ஒரு லாட்ஜுக்கு மேனேஜர். என்னை மாமி என்பான். அவன் மூலமாக வந்தவர் இலத்தூர் குற்றாலிங்கம் அண்ணாச்சி. ரிட்டையர்டு ஹெட் கான்ஸ்டபிள், ஊரே ஏட்டையா என்றுதான் கூப்பிடும். செங்கோட்டையில் பழைய இரும்புக் கடையில் மெஷினைப் பார்த்துவிட்டு, திருட்டுப் பொருளோ என்று சந்தேகப்பட்டு விசாரிக்கப் போனவர், விலை கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். நாலாவது ஆள் ஸ்ரீதேவி. புளியங்குடியில் எலுமிச்சைக் கமிஷன் கடை வீட்டு மருமகள். அவள் அப்பா சவூதியில் டிரைவராக இருந்து கொண்டுவந்த மெஷின், சீதனத்தோடு சேர்ந்து வந்துவிட்டது.

எங்கள் மெஷினுக்கு ப்ரோக்ராம் என்றால் வெறும் சத்தம்தான். கேசட்டில் பதிகிற சத்தம், கீ... கர்ர்... என்று காது கூசும். அதைப் போனில் பதிந்து அனுப்புவோம், வாங்குகிறவர் போனிலிருந்து ஒயர் வழியாக மெஷினுக்குள் விடுவார். வாய்ஸ் மெசேஜாக அனுப்பினால் வாட்ஸாப் நசுக்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்ப வேண்டும். ஏட்டையா முதல் தடவை வாய்ஸாகவே அனுப்பினார், அதையும் தவறிப்போய் குடும்பக் குழுவில் போட்டுவிட்டார். அண்ணனுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது என்று சிவகிரியிலிருந்து தங்கச்சி கார் பிடித்து வந்துவிட்டாள்.

மாதம் ஒருவர் அனுப்பவேண்டும், மற்றவர்கள் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துக் கருத்துச் சொல்லவேண்டும். நூற்றுக்கு மார்க் போடுகிற வழக்கத்தைக் கொண்டுவந்தவள் நான். போடுகிறவளும் நான்தான். இதுவரை ஐம்பத்தைந்துக்கு மேல் ஒருத்தரும் வாங்கியதில்லை.

முதல் வருடம் எல்லோரும் என் வீட்டில் கூடினோம். என் பழைய பெட்டி டிவியில் இத்ரீஸ் தன் ப்ரோக்ராமை ஓட்டினான். குற்றாலத்துக் குரங்கு டூரிஸ்ட் கையிலிருந்து பண்டத்தைப் பிடுங்குகிற விளையாட்டு. நன்றாகத்தான் இருந்தது, ஆனால் இடது ஓரத்தில் எழுத்தெல்லாம் பாதி பாதியாக வெட்டுப்பட்டிருந்தது. எத்தனை பண்டம் பிடுங்கினோம் என்கிற எண்ணிக்கையில் முதல் இலக்கத்தையே காணோம். "ஓரம் அடிக்காத துணி மாதிரி இருக்கு" என்று பதினெட்டு மார்க் போட்டேன். ஏட்டையா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "டைலரம்மா, ஒருவேளை உங்க டிவில..." என்று ஆரம்பித்தார். நான் விடவில்லை. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம் அண்ணாச்சி. டிவி மேல பழி போடாதிய" என்றேன். அதோடு வாயை மூடிக்கொண்டார். அடுத்த மாதத்திலிருந்து யார் அனுப்பினாலும் எழுத்து ஒன்றுகூட வெட்டுப்படவில்லை. பார்த்தீர்களா, ஏசினால்தான் வேலை நடக்கும் என்று பெருமையாக இருந்தேன்.

ஐந்து வருடத்தில் நான் ஒரு ப்ரோக்ராமும் அனுப்பியதில்லை. கடையில் வேலை, கண் வலி என்று என் முறை வரும்போதெல்லாம் ஒரு சாக்கு. உண்மையைச் சொன்னால் பயம்தான், வேறென்ன. ஊர்த் துணியையெல்லாம் வெட்டுகிறவள் தன் துணியை அடுத்தவள் கத்தரிக்குக் கொடுப்பது லேசா? ஆனாலும் ஆசை விடவில்லை. இந்த வருடம் நாலு மாதம் உட்கார்ந்து ஒன்று எழுதினேன். பெயர் 'எண்பது சென்டி'. திரையில் ஒரு துணி விரியும். முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கை, பட்டி எல்லாவற்றையும் நகர்த்தி அதற்குள் அடக்கி வெட்டவேண்டும். மொத்தம் ஐந்து துணி, போகப் போகக் கஷ்டம். அடங்காவிட்டால் துணிக்காரி வந்து ஏசுவாள். தமிழ் எழுத்துகளைக் கிராஸ் ஸ்டிட்ச் போடுகிற கட்டத் தாளில் ஒவ்வொன்றாக வரைந்து ஏற்றினேன். ஒரு 'ஞ' போட இரண்டு நாள் ஆனது.

ஒரு திங்கட்கிழமை குழுவில் அனுப்பினேன். அந்த வாரம் மூன்று பேரின் அளவு ஜாக்கெட்டை மாற்றி மாற்றிக் கொடுத்துவிட்டேன். என்ன சொல்வார்கள், எங்கே குத்துவார்கள், பதிலுக்கு நான் என்ன சொல்வது என்றே மனசு ஓடியது.

ஏழாம் நாள் ஏட்டையா ஒரு கட்டைவிரலைப் போட்டு, 'சூப்பர்' என்றார். இத்ரீஸ், 'அருமை மாமி.' ஸ்ரீதேவி, 'சூப்பர்க்கா' என்று ஒரு ரோஜாப்பூ. அவ்வளவுதான்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. இந்தச் 'சூப்பர்' எனக்குத் தெரியாதா? மாமியார் பக்கத்தில் நிற்கும்போது, அக்குள் பிடிக்கிற ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு மருமகள் சொல்கிற 'நல்லாருக்கு' இது. இவர்கள் மூன்று பேரும் ஒருவருக்கொருவர் அப்படியா சொல்லிக்கொள்கிறார்கள்? இந்த இடம் பிரமாதம், அந்த இடத்தில் மட்டும் லேசாகத் தொங்குது என்று பத்து நிமிஷ வாய்ஸ் போடுவார்கள். எனக்கு மட்டும் ரோஜாப்பூவா? அவர்கள் என்னைத் தங்களில் ஒருத்தியாகவே நினைக்கவில்லை என்று அந்தப் பூவைப் பார்த்ததும் தோன்றிவிட்டது. எனக்கு வேண்டியது நூறு மார்க் இல்லை. உள்ளதைச் சொல்லவேண்டும், அது போதும்.

"ஏட்டி, சூப்பர்னுதானே சொல்லியிருக்காங்க, அதுக்கு ஏன் மொகத்தைத் தூக்கி வச்சிருக்க?" என்றார் பரீது.

"உங்களுக்கு ஒண்ணும் புரியாது, நீங்க டீயைக் குடிங்க" என்றேன்.

வருடக் கூட்டம் எப்போதும் என் வீட்டில்தான். ஆனால் இந்த ஜூலையில் குழாய் பதிக்கிறோம் என்று எங்கள் தெருவைத் தோண்டிப் போட்டுவிட்டார்கள், ஆட்டோ வராது. சரி, குற்றாலத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றான் இத்ரீஸ். சீசன் நேரம், லாட்ஜில் பாய் விரிக்க இடமில்லை. ஒழுகுகிறது என்று யாருக்கும் கொடுக்காத ஏழாம் நம்பர் ரூமை எங்களுக்கு ஒதுக்கினான். நான் மெஷினை இரண்டு பாலிதீன் பையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். வராந்தா முழுக்க ஈரத் துண்டு, ஈரக் கைலி, எண்ணெய் வாடை. நாங்கள் ஒயரை மாட்டிக்கொண்டிருந்தபோதே ஒருவர் இடுப்பில் துண்டோடு எட்டிப் பார்த்து, "எண்ணெய் தேய்க்குத எடம் இதானா?" என்று கேட்டார். ஏட்டையா போட்ட ஒரு முறைப்பில் அருவிப் பக்கமாக ஓடிவிட்டார்.

எங்கள் கூட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. யாருடைய ப்ரோக்ராம் ஓடுகிறதோ, அவர் கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டிருக்கவேண்டும். இங்கே அமுக்கு, அங்கே போ என்று சொல்லக்கூடாது. இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவளும் நான்தான், சொந்தச் செலவில் வைத்துக்கொண்ட சூனியம். போய் உட்கார்ந்தேன்.

இத்ரீஸ் 'எண்பது சென்டி'யை ஏற்றினான். ரிசப்ஷனிலிருந்து தூக்கி வந்த புது டிவி. துணி விரிந்தது. துணி நடுவில் இல்லை. வலது பக்கமாகத் தள்ளி நின்றது, இடது பக்கம் மேலிருந்து கீழ்வரை வெற்றிடம். முப்பது வருடமாக மேஜையில் துணி விரித்தவள் நான், அரை விரல் கோணல் என்றாலும் கண்ணுக்குத் தப்பாது.

சட்டமாவது ஒன்றாவது. "ஏலே இத்ரீஸ், ஒன் டிவி கோணலா இருக்கு" என்றேன்.

அவன் ஏட்டையாவைப் பார்த்தான். ஏட்டையா ஸ்ரீதேவியைப் பார்த்தார். ஸ்ரீதேவி காலண்டரைப் பார்த்தாள்.

"இல்ல மாமி, டிவி புதுசு..."

"புதுசுன்னா கோணாதா? ஒன் கொரங்கை ஏத்து, தெரிஞ்சுரும்."

குரங்கை ஏற்றினான். அதுவும் வலது பக்கம் தள்ளி, இடது பக்கம் காலி. ஏட்டையாவின் செக்போஸ்ட் விளையாட்டு, அதுவும் அப்படியே. ஸ்ரீதேவி எலுமிச்சை ரகம் பிரிக்கிற விளையாட்டு, அதுவும். நான் ஜெயித்துவிட்ட மாதிரி எழுந்து நின்றேன். "பாத்தியளா, டிவிதான்! எல்லாம் ஒண்ணுபோல கோணுது. இன்னும் ஒண்ணு பாத்துருவோம். ஸ்ரீதேவி, அந்த வெளிநாட்டுக்காரன் எழுதுன மீன் கேம் வச்சிருக்கல்லா, அதைப் போடு."

"வேண்டாம்க்கா" என்றாள்.

"போடுங்கேன்."

போட்டாள். மீன் இடது ஓரத்தின் விளிம்பிலிருந்து கிளம்பி, வலது விளிம்பு வரைக்கும் நீந்தியது. திரையில் ஒரு நூல் இடம் காலியில்லை.

எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. "டிவி நல்லாத்தான் இருக்கு" என்றேன். "அப்ப, நீங்க எழுதுனதை வரி வரியா படிச்சிருக்கேன், எல்லாரும் மூணாவது கட்டத்துல இருந்துதானே தொடங்குதிய? மொத ரெண்டு கட்டத்தைத் தொடாம விடுதது இந்த மெஷினோட முறைன்னுல்லா நான் நெனச்சேன். ஒங்களைப் பாத்துத்தான் நானும் விட்டேன்."

"முறையெல்லாம் ஒண்ணும் இல்ல மாமி" என்றான் இத்ரீஸ், தரையைப் பார்த்துக்கொண்டே.

ஏட்டையா எழுந்தார். வேலை பார்த்த காலத்தில் எத்தனையோ பேரை ஒப்புக்கொள்ள வைத்தவர், இப்போது தானே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "டைலரம்மா, நாங்க ஒத்துக்கிடுதோம். உங்க வீட்டு டிவில படம் இடது பக்கமா உள்ள போயிரும். ரெண்டு கட்டம் தெரியாது. மொத வருசமே சொல்ல வாயெடுத்தேன், நீங்க கூடம் கோணல்ன்னு சொல்லிட்டிய. அப்புறம் எங்க சொல்லுததுக்கு? அதான், உங்க கண்ணுக்கு எல்லாம் தெரியட்டும்னு, ஆளாளுக்கு ரெண்டு கட்டம் தள்ளி எழுத ஆரம்பிச்சிட்டோம்."

"அஞ்சு வருசமா?"

"பழசையும் மாத்துனோம்க்கா" என்றாள் ஸ்ரீதேவி. "யாரும் மறந்துரக்கூடாதுன்னு, தனியா ஒரு குரூப் வச்சிருக்கோம். 'இடது ரெண்டு'ன்னு பேரு."

அந்தத் தனி குரூப்தான் என்னைக் குத்தியது. செருப்பைப் போட்டுக்கொண்டு வராந்தாவுக்கு வந்துவிட்டேன். வெளியே சாரல் முகத்தில் அடித்தது. பின்னால் இத்ரீஸ் "மாமி" என்றான், திரும்பவில்லை. பரீதுக்குப் போன் போட்டு, "இங்கன என்ன நடக்குன்னு தெரியுமா? நம்ம வீட்டு டிவில இடது பக்கம் ரெண்டு கட்டம் தெரியாதாம். அஞ்சு வருசமா எல்லாரும் என்னைக் கோட்டிக்காரி ஆக்கியிருக்காவ" என்றேன்.

அவர் நிதானமாக, "அந்த டிவி வாங்குன நாள்லயே அப்பிடித்தானே" என்றார். "வலது பக்கம் ஒரு வெரல் கருப்பா நிக்கும்லா?"

"ஒங்களுக்கும் தெரியுமா? ஏன் சொல்லல?"

"சொன்னேனே. 'நம்ம டிவியக் குறை சொல்லுதியளோ'ன்னு, நான் வாங்குன டிவியை எங்கிட்டயே தாங்கிப் பேசுன." சிரிக்கிறார் மனுஷன். "ஏட்டி, ஒரு ஆளுக்காக மூணு பேரு அஞ்சு வருசம் துணிய மடக்கித் தைச்சிருக்கான்னா, அது கோட்டிக்காரி ஆக்குததா? போ உள்ள, நனையாத."

சவத்தைத் தள்ளு என்று போனை வைத்தேன். கோபம் என்று நினைத்திருந்தது கோபமே இல்லை, வெட்கம். பதினெட்டு மார்க் என்று எவ்வளவு சவடாலாகச் சொன்னேன்! அந்தப் பதினெட்டும் என் டிவிக்குப் போட வேண்டிய மார்க். அதைவிட இன்னொன்று உறுத்தியது. இத்தனை அன்பாக இருக்கிறவர்களுக்கு, என்னிடம் ஒரு வாக்கியம் உண்மையாகப் பேச ஐந்து வருடமாகத் தைரியம் வரவில்லை. அப்படி வைத்திருக்கிறேன் என் வாயை.

உள்ளே போனேன். மூன்று பேரும் சாவு வீட்டில் இருப்பதுபோல உட்கார்ந்திருந்தார்கள். கதவோர நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன்.

"இப்ப சொல்லுங்க, 'எண்பது சென்டி' எப்பிடி இருக்கு? சூப்பர்னு எவன் சொன்னாலும் இந்தக் குரூப்பை விட்டே போயிருவேன். உள்ளதை உள்ளபடி சொல்லணும், நான் வாயத் தொறக்க மாட்டேன்."

கொஞ்ச நேரம் யாரும் நம்பவில்லை. பிறகு ஏட்டையா ஒரு பொட்டலம் முறுக்கைப் பிரித்து வைத்துவிட்டு, மெல்ல ஆரம்பித்தார். "மொதல்ல அந்தக் கத்தரி. ஒரு தட்டு தட்டுனா மூணு கட்டம் ஓடுது. திருடனைத் தொரத்துத மாதிரி தொரத்த வேண்டியிருக்கு."

"பின்பக்கமும் கையும் ஒரே பச்சை" என்றான் இத்ரீஸ். "எது எதுன்னு தெரியாம மூணு தடவை கையைக் கொண்டு முதுகுல வச்சேன்."

"வெளிய வரணும்னா வழியே கிடையாது. மெஷினையே அணைக்கணும்" என்றார் ஏட்டையா.

"மூணாவது துணிய நான் தாண்டவே இல்ல மாமி" என்றான் இத்ரீஸ். "ஏட்டையாவும் தாண்டல."

"அதை ஏம்லே சொல்லுத?" என்றார் ஏட்டையா.

மூன்றாவது துணியைத் தாண்டாமலே சூப்பர் போட்டிருக்கிறார்கள்! கத்தவேண்டும் போல இருந்தது. முந்தானையை இன்னும் கொஞ்சம் உள்ளே திணித்துக்கொண்டு நோட்டில் எழுதினேன். கத்தரி வேகம், பச்சை, வெளியே வர வழி. ஒவ்வொன்றும் சுருக்கென்றது, ஆனால் ஒவ்வொன்றும் சரி. சுருக்சுருக்கென்று இருக்கும்போதே உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது. இப்போதுதான் என்னிடம் பேசுகிறார்கள்.

ஸ்ரீதேவி கடைசிவரை பேசவில்லை. நான் பென்சிலால் அவளைக் காட்டினேன்.

"நான் அஞ்சு துணியும் முடிச்சேன்க்கா" என்றாள். ஏட்டையாவும் இத்ரீஸும் வாயைப் பிளந்தார்கள். "நாலு நாள் ஆச்சு. கடைசித் துண்டு அடங்குனதும் விசையில இருந்து கையை எடுத்துட்டேன். இப்ப என்ன வரும்னு பாத்துக்கிட்டே இருக்கேன். ஒண்ணும் வரல. தெரை காலியாயி, மறுபடி மொதத் துணி வந்து நிக்கி. துணி அடங்கலைன்னா மட்டும் அந்தப் பொம்பளை விதவிதமா ஏசுதா. எண்ணிப் பாத்தேன், பத்து ஏச்சு எழுதியிருக்கீங்க. 'கத்தரி பிடிச்ச கையா, கரண்டி பிடிச்ச கையா'ன்னு எல்லாம் அருமையா இருக்கு. ஜெயிச்சவளுக்கு ஒரு வார்த்தை இல்லியேக்கா."

முந்தானையை எடுத்துவிட்டேன். "ஜெயிச்சா அடுத்த துணி வரும். அதுதானே பரிசு? கடையில அப்பிடித்தானே?" என்றேன்.

"கடையில அப்பிடித்தான். அதான் கேக்கேன்."

அவள் ஐந்து வருடத்தில் அனுப்பிய பதினைந்து ப்ரோக்ராமும் என் கண் முன்னால் வந்தன. ஒவ்வொன்றிலும் குறையைத் தேடித் தேடி எடுத்தவள் நான். குறை கிடைக்காத மாதம், கலர் சரியில்லை என்று எதையாவது சொல்லி வைப்பேன்.

கூடிப் பேசி முப்பத்தெட்டு மார்க் போட்டார்கள். முப்பத்தொன்பது கேட்டேன், ஏட்டையா தரவில்லை.

கத்தரியையும் பச்சையையும் அங்கேயே சரிபண்ணிவிட்டேன். அந்த ஒரு வரிதான் வரவில்லை. பத்து ஏச்சையும் அரை மணி நேரத்தில், இட்லி வெந்துகொண்டிருக்கும்போதே எழுதினவள் நான். இதற்கு விசை மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், ஒரு எழுத்து விழவில்லை. 'நன்று' என்று அடித்தேன், பள்ளிக்கூட நோட்டு மாதிரி இருந்தது, அழித்தேன். 'சூப்பர்' அடிக்க மானம் விடவில்லை. "வீட்டுல வச்சு எழுதுங்க மாமி, ரூமை ஆறு மணிக்கு விடணும்" என்றான் இத்ரீஸ். கிளம்பும்போது அந்த 'இடது ரெண்டு' குரூப்பில் என்னையும் சேர்த்தான். நான் சேர்ந்ததிலிருந்து அதில் ஒரு ஈ காக்கை பேசவில்லை. மூன்றாவதாக ஒன்று ஆரம்பித்திருப்பார்கள், எனக்கென்ன.

மறுநாள் அவனே வீட்டுக்கு வந்து, டிவியின் முதுகைக் கழற்றி ஒரு திருகைத் திருகினான். படம் நடுவுக்கு வந்துவிட்டது. இரண்டு நிமிஷ வேலை.

அந்த வரிக்கு மூன்று நாள் ஆனது. காஜா எடுக்கும்போதும் அதே யோசனை, ஹூக் வைக்கும்போதும் அதே யோசனை. நிஜமாகவே ஒருத்தி அந்த ஐந்து துணியையும் என் முன்னால் வெட்டிக் காட்டினால் என்ன சொல்வேன் என்று நினைத்துப் பார்த்தேன். அப்புறம் அடித்துவிட்டேன். குழுவில் அனுப்பும்போது ஒரு நிபந்தனையும் போட்டேன். எங்கள் மெஷினில் 'லிஸ்ட்' என்று அடித்தால் போதும், எழுதியதெல்லாம் வரி வரியாகத் திரையில் வந்துவிடும். அப்படிப் பார்க்கக்கூடாது, ஜெயித்துத்தான் படிக்கவேண்டும் என்றேன். அல்லாஹ் மேல ஆணை என்றான் இத்ரீஸ், குற்றாலநாதர் மேல ஆணை என்றார் ஏட்டையா. அடுத்த ஒரு வாரமும் இரண்டு பேரும் மூன்றாவது துணியிலேயே கிடந்து புலம்பினார்கள், ஆகவே லிஸ்ட் போட்டுப் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை பகல், கடையில் தாயும் மகளுமாக இரண்டு பேருக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். ஸ்ரீதேவி போனில் கூப்பிட்டாள்.

"என்னட்டி? கத்தரி இன்னும் ஓடுதா?"

"முடிச்சிட்டேன்க்கா. அஞ்சும் முடிச்சிட்டேன். வந்துட்டு." திரையில் இருந்ததை மெதுவாக வாசித்தாள். "'இதைவிட நல்லா என்னாலயும் வெட்ட முடியாது.'"

நான் இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றேன்.

"அக்கா, யாரை நெனச்சு எழுதுனீங்க?"

"வேற யாரு முடிச்சா? ஒன்னைத்தான் நெனச்சேன். ஒன் ப்ரோக்ராமை எல்லாம் நெனச்சுத்தான்" என்றேன். "அதுல ரெண்டு மூணு, நான் உக்காந்தாலும் எழுத முடியாது."

"அப்ப அந்த வரியை உங்க வாயால ஒரு தடவை சொல்லுங்க. மெஷின் சொன்னது மெஷின் சொன்னதுதானே."

மகள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள், தாய் என் வாயையே பார்க்கிறாள். இந்தக் கடையில் இந்த வாயிலிருந்து அப்படி ஒன்றை யாரும் கேட்டதில்லை. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு மெல்லச் சொன்னேன்.

"கேக்கலக்கா" என்றாள் ஸ்ரீதேவி. "மார்க்கெட்ல லாரி சத்தம்."

லாரியாவது சத்தமாவது! அந்தப் பக்கம் சுவர்க் கடிகாரம் ஓடுகிற சத்தம்கூட எனக்குக் கேட்டது. கள்ளி.

இன்னொரு தடவை, சத்தமாகச் சொன்னேன்.